காற்றை இழக்கும் இராட்சதக் கோள்கள்

நமது சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய கோளான வியாழன், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுக்கிறது. ஆனால் வேறு நட்சத்திரங்களுக்கு மிக அருகில், சில நாட்களிலேயே சுற்றி முடிக்கும் வாயுக் கோள்களும் உள்ளன. இவற்றை 'வெப்ப வியாழன்கள்' என்பர். அந்த வெப்பத்தில் இவற்றின் வளிமண்டலம் நிலைத்திருக்குமா?

சுமார் 160 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எச்.டி. 209458 பி என்ற கோள் இதற்கு விடை தந்தது. மூன்றரை நாட்களுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைச் சுற்றும் இக்கோள், அதன் முன்னால் கடக்கும்போது சாதாரண ஒளியில் சுமார் 1.5 சதவீதத்தை மறைக்கும். 2003 இல் விடால்-மஜார் தலைமையிலான குழுவினர், ஐதரசன் உறிஞ்சும் கழியூதா ஒளியில் ஹபிள் தொலைநோக்கியால் இதனை அவதானித்தனர். அப்போது சுமார் 15 சதவீத ஒளி மறைந்தது. கோளைச் சுற்றி, கோளை விடப் பன்மடங்கு பெரிய ஐதரசன் முகில் பரந்திருந்தது!

இக்கோளின் தப்பல் வேகம் செக்கனுக்கு 40 கிலோமீற்றரிலும் அதிகம். மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 10,000 கெல்வின். அந்த வெப்பநிலையில் ஐதரசன் அணுவின் வேகமோ செக்கனுக்குச் சுமார் 16 கிலோமீற்றர்தான். அப்படியானால் வாயு எவ்வாறு தப்புகிறது? நட்சத்திரத்தின் கதிர்களால் சூடாகும் வாயு, தனித்தனி அணுக்களாக அன்றி, மொத்தமாக விரிந்து மேலெழுகிறது. உயரம் கூடக் கோளின் ஈர்ப்பு குறைகிறது. நட்சத்திரத்தின் ஈர்ப்பும் இழுக்கிறது. இறுதியில் வாயு ஆறுபோல் விண்வெளிக்குள் பாய்கிறது.

இவ்வாறு செக்கனுக்குக் குறைந்தது 10,000 தொன் வாயு வெளியேறுவதாக அக்குழுவினர் மதிப்பிட்டனர். கோள் விரைவில் அழிந்துவிடுமோ என்று தோன்றும். கணித்துப் பார்ப்போம். இதே வீதத்தில் ஓர் ஆண்டில் வெளியேறுவது சுமார் 3×10¹⁴ கிலோகிராம்; 500 கோடி ஆண்டுகளில் சுமார் 1.6×10²⁴ கிலோகிராம். கோளின் திணிவோ சுமார் 1.3×10²⁷ கிலோகிராம். எனவே இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்களவே.

சிறிய கோள்களின் நிலை வேறு. நெப்தியூன் அளவுள்ள ஜீ.ஜே. 436 பி என்ற கோளிலிருந்து வால்வெள்ளி போன்ற ஐதரசன் முகில் வெளியேறுவது 2015 இல் அறியப்பட்டது. நட்சத்திரத்துக்கு மிக நெருக்கமாக நெப்தியூன் அளவுக் கோள்கள் அரிதாகவே காணப்படுகின்றன. அங்கிருந்த சில கோள்கள் தம் வாயுப் போர்வையை இழந்து, வெறும் பாறைக் கருக்களாக எஞ்சியிருக்கலாம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். எனவே ஒரு கோளின் வருங்காலத்தை அறிய, அது எவ்வளவு வாயுவை இழக்கிறது என்பதுடன், அதனிடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.