நெக்ஸ்ட் ஜேஎஸ்-இல் டான்ஸ்டாக் குவெரி: சில பயனுள்ள குறிப்புகள்

பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆப்பில் டான்ஸ்டாக் குவெரியைச் சேர்க்கப் போகிறீர்களா? இந்தக் குறிப்புகள் டான்ஸ்டாக் குவெரியின் 5-ஆம் பதிப்புக்கும் நெக்ஸ்ட் ஜேஎஸ்-இன் ஆப் ரவுட்டருக்கும் பொருந்தும்.

1. குவெரி கிளையன்ட்டை ஃபைலின் தலையில், ஃபங்ஷனுக்கு வெளியே உருவாக்காதீர்கள். பிரவுசரில் ஒரு டேப்புக்கு ஓர் ஆள்தான். சர்வரிலோ ஒரே நோட் புராசஸ் பல பேருக்குப் பதில் சொல்கிறது. வெளியே உருவாக்கிய கிளையன்ட்டும் அதன் கேஷும் அந்த புராசஸ் நிற்கும்வரை அப்படியே இருக்கும். 'என் ஆர்டர்கள்' என்ற கீயில் முதலில் வந்தவரின் பட்டியல் உட்கார்ந்துவிட்டால், அவருடைய முகவரியும் போன் நம்பரும் அடுத்தவர் திரைக்குப் போகலாம். கேஷ் முழுவதையும் டீஹைட்ரேட் செய்து அனுப்பினால், திரையில் தெரியாதவைகூட பக்கத்தின் சோர்ஸில் இருக்கும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது கண்ணில் படாது. இரண்டு பிரவுசர்களில் இரண்டு கணக்குகளாக லாகின் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். சர்வரில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதுக் கிளையன்ட் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடுத்தவர் நம்மை நம்பிக் கொடுத்த தகவல் அது.

2. பிரவுசரில் நேர்மாறு: கடைசிவரை ஒரே கிளையன்ட். புரொவைடருக்குள் யூஸ்ஸ்டேட்டில் வைப்பது வழக்கம். ஆனால் இடையில் சஸ்பென்ஸ் எல்லை இல்லாமல் முதல் ரெண்டர் தடைபட்டால், ரியாக்ட் அந்த ஸ்டேட்டைத் தூக்கி எறிந்துவிடும். சர்வர் என்றால் புதியது, பிரவுசர் என்றால் ஏற்கெனவே உள்ளது என்று திருப்பித் தரும் சிறு ஃபங்ஷன் ஒன்று எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

3. ஸ்டேல்டைம் இயல்பாக 0. சர்வர் எடுத்து அனுப்பிய டேட்டா பிரவுசருக்கு வந்ததுமே பழையதாகிவிடும். அதே கோரிக்கை மறுபடி போகும். 60 விநாடி, அதாவது 60,000 மில்லிவிநாடி என்று வையுங்கள். நெட்வொர்க் டேபில் வித்தியாசம் உடனே தெரியும்.

4. சர்வரில் ப்ரீஃபெட்ச் செய்த கீயும் பிரவுசரில் யூஸ்குவெரிக்குக் கொடுக்கும் கீயும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். யூஆர்எல்லிலிருந்து வரும் ஐடி ஸ்ட்ரிங். ஒரு பக்கம் மேற்கோளுக்குள் '7', மறுபக்கம் வெறும் 7 என்றால் இரண்டும் வேறு வேறு கீ. எரர் எதுவும் வராது, ஹைட்ரேஷன் பவுண்டரியும் சரியாகவே இருக்கும், ஆனாலும் பக்கம் திறந்ததும் லோடிங் சுற்றும். கீயையும் ஃபெட்ச் ஃபங்ஷனையும் குவெரி ஆப்ஷன்ஸாக ஒரே ஃபைலில் எழுதி, இரண்டு இடத்திலும் அதையே இம்போர்ட் செய்யுங்கள்.

5. ப்ரீஃபெட்ச்குவெரி எரரை வெளியே விடாது. பொருள் இல்லையென்றால் 404 காட்ட வேண்டிய பக்கத்தில் ஃபெட்ச்குவெரியைப் பயன்படுத்துங்கள்.

6. சர்வரில் ஃபெட்ச் செய்யும்போது குக்கி தானாகப் போகாது. வந்த ரிக்வெஸ்டின் குக்கியை எடுத்து ஹெடரில் வையுங்கள். முகவரியும் முழுதாக வேண்டும்; சாய்கோட்டில் தொடங்கும் பாதி முகவரியை நோட் ஏற்காது.

7. ஒரே டேட்டாவைச் சர்வர் காம்பொனென்ட்டிலும் கிளையன்ட் காம்பொனென்ட்டிலும் காட்டாதீர்கள். கிளையன்ட்டில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு 12 வரிசை ஆகியிருக்கும். மேலே சர்வர் காட்டிய தலைப்பு இன்னும் '11 ஆர்டர்கள்' என்றே சொல்லும்.

8. ஜிசிடைமை 0 ஆக்காதீர்கள்; ஹைட்ரேஷன் எரர் வரலாம். குறைக்கத்தான் வேண்டுமென்றால் 2 விநாடிக்குக் கீழே போகாதீர்கள்.