கையெழுத்துப் போட்ட பிறகு வியாபாரத்தை முறிக்கலாமா?



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் வந்தார். பழைய கார் வாங்கி விற்கும் கடையில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து, 4 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறார். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தத்திலும் பெயர் மாற்றத்துக்கான 30-ஆம் நம்பர் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் அதே மாடல் இன்னொரு கடையில் 30,000 குறைவாகக் கிடைக்கிறது. "ஹஜ்ரத், ஆர்.சி. இன்னும் என் பேருக்கு மாறவில்லை. அப்படியென்றால் வியாபாரம் முடியவில்லைதானே?" என்று கேட்டார்.

நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறுவது அரசாங்கப் பதிவு. (அதைத் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.) ஷரீஅத்தில் வியாபாரம் கூடுவது ஈஜாப், கபூலில். 'இந்த வண்டியை இந்த விலைக்குக் கொடுத்தேன்', 'வாங்கிக்கொண்டேன்' என்று இருவரும் சொல்லிவிட்டால் வியாபாரம் கூடிவிட்டது. கையெழுத்து அதற்குச் சாட்சி. ஷோரூமில் புது வண்டிக்கு புக்கிங் போடுவது வேறு. அங்கே எந்த வண்டி என்பதே பல நேரம் முடிவாகியிருக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விற்பவரும் வாங்குபவரும் பிரியாத வரை இருவருக்கும் முறிக்கும் உரிமை உண்டு என்ற நபி (ஸல்) அவர்களின் வாக்கை ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், இடத்தை விட்டுப் பிரிவதுதான் இந்தப் பிரிவு. ஹனஃபி மத்ஹபில் பேச்சு முடிந்தாலே பிரிவுதான். இப்னு உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பிடித்த பொருளை வாங்கினால், வியாபாரம் உறுதியாகிவிடட்டும் என்று சற்று நடந்து விலகிவிடுவார்களாம். நம் இளைஞரோ வீட்டுக்கே வந்து தூங்கி எழுந்துவிட்டார். இரண்டு மத்ஹபிலும் அவருக்கு வழியில்லை.

"மூன்று நாள் யோசிக்க நேரம் வேண்டும்" என்று அவர் முன்பே நிபந்தனை பேசியிருக்கலாம். வியாபாரத்தில் ஏமாந்துபோகும் ஒரு ஸஹாபிக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி அது. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். ஆனால் விலை பேசும்போது நமக்கு அது ஞாபகம் வருவதில்லை.

"வண்டியில் ஏதாவது குறையை மறைத்தாரா?" என்று கேட்டேன். மறைத்திருந்தால் சட்டமே வேறு, திருப்பிக் கொடுக்கும் உரிமை வந்துவிடும். "இல்லை ஹஜ்ரத், பம்பரில் பெயிண்ட் அடித்ததைக்கூட அவரே சொன்னார்" என்றார். பிறகு தயங்கியபடி, "அதை முறித்துவிட்டு வா, குறைத்துத் தருகிறேன் என்று இந்தக் கடைக்காரர் சொன்னார்" என்றார். ஒருவரின் வியாபாரத்தின் மீது இன்னொருவர் வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதற்கு ஃபுகஹாக்கள் சொல்லும் உதாரணம் கிட்டத்தட்ட இதே பேச்சுதான்!

"முறிக்க உனக்கு உரிமை இல்லை. வேண்டுமானால் போய்க் கேள். அவர் மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்" என்றேன். இப்படிக் கேட்டு, மற்றவர் மனமொப்பி விடுவித்தால் அதற்கு இகாலா என்று பெயர். நானும் கூடப் போனேன்.

கடைக்காரருக்குக் கோபம். அன்று மாலையே வேறொருவர் அந்த வண்டியைக் கேட்டு வந்திருக்கிறார். 'விற்றாகிவிட்டது' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. "சரி, முறித்துக்கொள்வோம். ஆனால் அட்வான்ஸைத் தருவது கடை வழக்கமில்லை" என்றார். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. 'வாங்காவிட்டால் அட்வான்ஸ் விற்பவருக்கே' என்று பேசிக்கொள்வதற்கு அரபியில் அர்பூன் என்பார்கள். ஹன்பலி மத்ஹபில் அது கூடும். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் கூடாது. இங்கே அந்தப் பேச்சே இல்லை என்பதால், கொடுத்த பணம் விலையின் ஒரு பகுதி. இகாலா செய்தால் வாங்கியதை அப்படியே திருப்பித் தர வேண்டும். "விடுவிப்பதும் விடுவிக்காததும் உங்கள் விருப்பம், பாய். விடுவித்தால் முழுசாக விடுவியுங்கள்" என்றேன்.

வாங்கியதற்கு வருந்தி வரும் முஸ்லிமை விடுவிப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மேஜையைத் திறந்து 50,000 ரூபாயையும் எண்ணி வைத்தார். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்காக இளைஞர் கேட்டுக்கொண்டதால் அவர் கட்டியிருந்த தொகையை, இளைஞரே அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

யா அல்லாஹ், அந்தக் கடைக்காரரின் சறுக்கல்களை மன்னிப்பாயாக! அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.