வறுமைக் காலமும் நிழற்படமும்

செட்டிநாட்டுப் பெருவீடுகளின் முகப்பிலும் வளவிலும் வரிசையாக மாட்டப்பட்டுள்ள நிழற்படங்களைக் காணாதார் இலர். கடுக்கன், சரிகை அங்கவஸ்திரம், பின்னால் நிலையத்தாரின் திரைச்சீலை; அனைத்தும் வாழ்ந்த காலத்தின் சான்றுகள். தாழ்ந்த காலத்திற்குச் சான்று எங்கே என்பதே நம் வினா.

உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்ட உழவர்கள் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார்களின் நிலப்பங்கு 1937இல் 25 ஆயிற்று. நிலம் சேர்ந்தது, ரொக்கம் முடங்கியது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு நிலத்தையும் எட்டாததாக்கிற்று. பின்னாளில் தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்ற வீடுகளும் இங்குண்டு. அந்நாளைய அடுக்களையையோ, வேலையிழந்து ஊர் திரும்பிய கடைப்பையனையோ எந்தச் சுவரிலும் நாம் கண்டதில்லை. நிலமிழந்த பர்மிய உழவனைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

அதே மந்தக் காலத்தில் அமெரிக்க அரசு, ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் நிழற்படக் கலைஞர்களைச் சிற்றூர்தோறும் அனுப்பிற்று. 1935 முதல் சேர்ந்த நெகட்டிவ்கள் சுமார் 1,75,000. அவற்றுள் தலையாயது, 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங் எடுத்த, பட்டாணி பறிக்கும் கூலிப் பெண்ணின் படம். குழந்தைகள் தோளில் முகம் புதைக்க, தாய் தொலைவை நோக்கியிருக்கிறாள். ஆயினும் லாங் அவள் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது 1978இல்தான். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அம்மூதாட்டி வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே என்போம்.

நம் மண்ணிலும் முன்னோடி உண்டு. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்புந்தோலுமாய் இருந்தோரைக் குழுக்களாக அமர்த்திப் படமெடுத்தார். அங்கே பஞ்சம் தெரிகிறது, வாழ்க்கை தெரியவில்லை. அடுப்பும் பாயும் தெருவும் அப்படங்களில் இல்லை. லாங்கின் படத்தில் கூடாரத்துணியேனும் உண்டு.

நம் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் சுவரில் படம் மாட்டும் வழக்கமில்லை. எனவே இச்சான்று இன்னும் அரிது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவரின் கடவுச்சீட்டுப் படமொன்று டிரங்குப் பெட்டியின் அடியில், நிக்காஹ் பத்திரிகைகளுக்கிடையே கிடக்கும். திரைச்சீலையில்லை, கடுக்கனில்லை, பயணத்திற்கு முந்திய களைத்த முகம் மட்டும். செட்டிநாட்டின் வறுமைக் காலப் படம் என ஒன்றைக் காட்டச் சொன்னால் நாம் இதனையே காட்டுவோம். பெரும்பாலும் அதன் பின்புறத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. கையில் கொடுத்தால் இன்னாரென்று சொல்லவல்ல பெரியவர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.