வெயிலிலும் மழையிலும் நரைத்த மரவேலியைச் சீர்திருத்தும் முறை

பழனிசெட்டிபட்டியிலும் அதனையடுத்த கிராமங்களிலும் வேலி என்றால் முள்வேலி, கிளுவை வேலி, கல்கால் நட்டுக் கம்பி இழுத்த வேலி ஆகியவையே பெரும்பாலும் நினைவுக்கு வரும். ஆயினும் சங்கக் கட்டிடங்களின் முன்புறத்திலும் வீட்டுத் தோட்டங்களிலும் மரச்சட்ட வேலிகள் இன்னும் இல்லாமற்போகவில்லை. அவை சாம்பல் நிறமடைந்தவுடன் "மரம் செத்துவிட்டது" என்று தீர்மானித்து விறகுக்கு விற்றுவிடும் வழக்கம் இருப்பதால் இதனை எழுத நேர்ந்தது.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் மகாசபைக்கு இரண்டு நாட்களுக்கு முன் வேலி முழுவதற்கும் அவசரமாகப் பெயிண்டு பூசியிருந்தார்கள். மறுவருஷம் சென்றபோது அது மீன் செதில்போல் உரிந்து தொங்கியது. ஒரு மூலையில் கால்கள் சாய்ந்து, ஆடுகள் உட்புகுந்து, அங்கத்தினருக்கு வழங்க வைத்திருந்த தென்னங்கன்றுகளைக் கடித்துவிட்டன. நிர்வாகக் கமிட்டியார் புதுவேலி போடுவதற்குத் தீர்மானம் எழுதி வைத்திருந்தனர். தச்சுத்தொழில் புரியும் முதிய அங்கத்தினர் ஒருவர் குத்தூசியுடன் எழுந்து ஒவ்வொரு காலாகக் குத்திப் பார்த்தார். முப்பது கால்களில் ஏழு மட்டுமே மக்கியிருந்தன. சட்டங்கள் யாவும் உறுதியாகவே இருந்தன. தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது.

நரைத்தல் வேறு, மக்குதல் வேறு. மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருளைச் சூரிய வெளிச்சம் சிதைக்கிறது. மழை அதனைக் கழுவிவிடுகிறது. எஞ்சிய நார்கள் சாம்பல் நிறமாய்த் தோன்றுகின்றன. இப்படலம் மிக மெல்லியது. அதன் கீழுள்ள மரம் பெரும்பாலும் பழுதற்றதே. மக்குதல் பூஞ்சையின் வேலை. மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சை வளர்வதில்லை. ஆகையால் மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்திலேயே கால் முதலில் கெடும். 1895-ம் வருஷத்தில் பெரியாற்று அணை முடிந்தபின் பாசனம் பெருகிய நமது பள்ளத்தாக்கில், வயலோரத்து மண் வருஷத்தில் பல மாதங்கள் ஈரமாகவே இருப்பதை நினைவில் வைக்கவேண்டும். வைரம் பாய்ந்த தேக்குக் கால் தாங்கும். வெளிறு மிகுந்த கால் தாங்காது.

வேலைக்கு ஏற்ற காலம் மாசியும் பங்குனியும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அதற்குள் வற்றிவிடும். ஆனி, ஆடிக் காற்று புழுதியை வாரி ஈர எண்ணெயின்மேல் அப்பும் காலமும் வந்திராது.

முதலில் கொடிகளையும் காலடியில் குவிந்த மண்ணையும் அகற்றுக. காலைச் சுற்றி அரை அடி ஆழம் தோண்டி, குத்தூசியால் குத்திப் பார்க்க. ஊசி தடையின்றி இறங்கினால் அப்பகுதி மக்கியது. அதனை நல்ல மரம் தென்படும்வரை அறுத்துவிட்டு, திராட்சைப் பந்தலுக்கு நடும் கல்காலில் ஒரு துண்டை நட்டு, தரைக்கு மேல் ஓரடி நிற்கச் செய்து, எஞ்சிய மரக்காலை அதனுடன் போல்ட்டால் பிணைக்கலாம். மரத்தின் அடி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கவேண்டும். கறையான் புற்று இருந்தால் அதனை ஒழித்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குக.

சுத்தம் செய்வதற்குப் பத்து லிட்டர் தண்ணீரில் கால் கிலோ சலவைச் சோடா போதும். மரத்தை முன்னதாக நனைத்து, தேங்காய்நார்த் தூரிகையால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசவேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதன் துணுக்குகள் மரத்தில் தங்கிக் கரும்புள்ளிகளாகும். பிளீச்சிங் பவுடர் நாரையே அரிக்கும். சோடாவால் தேக்கு கறுத்தால் அஞ்சவேண்டாம். எலுமிச்சைச் சாறு கலந்த நீரைப் பூசி அலசினால் நிறம் திரும்பும். ஆணியைச் சுற்றிய கருமைக்கும் இதுவே மருந்து. இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்ந்தபின், சிலிர்த்த நார்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுக. ஒரு துளி நீர் விட்டால் மரம் உடனே உறிஞ்சவேண்டும்; இல்லையேல் இன்னும் காயவில்லை.

பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சிறிது டர்பன்டைன் கலந்து மெல்லியதாக இருமுறை பூசுக. முதற்பூச்சு காய்ந்த பின்னரே இரண்டாவது. அறுத்த முனைகளே தண்ணீரை அதிகம் குடிப்பவை. அவற்றுக்கு எண்ணெயையும் அதிகம் கொடுக்கவேண்டும். முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயும் மரத்தைக் காக்கும். ஆனால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கையுறையின்றித் தொடலாகாது. லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சிலர் இலவசமென்று பூசுகிறார்கள். அது மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். இந்த இலவசத்தை நான் ஒப்புவதில்லை.

ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் காயும்போது எழும் சூட்டினால் அவை தாமாகவே தீப்பற்றும். சாக்கும் பஞ்சும் அடுக்கிய கிடங்கில் அவ்வாறு விட்டுச்செல்வது அங்கத்தினர் அனைவருடைய பொருளையும் நெருப்பின் பொறுப்பில் விடுவதாகும். துணிகளை அன்றே தண்ணீரில் அமிழ்த்துக. அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுக.

வேலைச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் ரசீதுகளுடன் பதிக. மாற்றிய கால்களின் எண்ணிக்கையையும் பூசிய தேதியையும் இருப்புப் புத்தகத்தில் குறித்து வைத்தால், மறுதணிக்கையில் எக்கால் எவ்வளவு நாள் நின்றது என்பது தெரியும். எண்ணெய்ப் பூச்சு வருஷத்துக்கொருமுறை, தண்ணீர் முத்துமுத்தாய் உருளாமல் மரத்தில் ஊறத் தொடங்கும்போது, மீண்டும் ஒரு கை கொடுக்கப்படவேண்டும்.