நேரலை யாருக்காக? சபை மீடியா டீமுக்கு அக்காவின் டிப்ஸ்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது லெந்து காலம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர் எல்லாமே ஆலயக் கதவு பூட்டியபடியே கடந்துபோயின. ஏழு வார்த்தைகள் தியானத்தையும் செல்போனில்தான் கேட்டோம். ஒரு போனையும் ஸ்டாண்டையும் வைத்து அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

இப்போது வர முடிந்தவர்கள் ஆலயத்துக்கு வந்துவிட்டார்கள். திரை முன்னால் மிச்சமிருப்பது யார்? இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஆச்சி, டயாலிசிஸ் எடுக்கும் சித்தப்பா, ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸ், ஞாயிறு வேலைநாளாக இருக்கும் குவைத்தில் உழைக்கும் அண்ணன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை விடுங்கள். இவர்களை மனதில் வைத்தே நேரலையைத் திட்டமிடுங்கள்.

1. முதலில் சத்தம், பிறகு படம்

படம் கொஞ்சம் மங்கினாலும் ஆச்சி பொறுத்துக்கொள்வார். பிரசங்கம் புரியாவிட்டால் போனை வைத்துவிடுவார். கடைசி பெஞ்சில் நிற்கும் போனின் மைக் ஆலயத்தின் எதிரொலியைத்தான் பிடிக்கும். மிக்சரிலிருந்தே ஒயர் இழுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகச் சத்தத்தை எடுங்கள். அப்படி எடுத்தால் ஆயர் குரல் தெளிவாக வரும், ஆனால் சபை பாடுவது கேட்காது. அதற்காகச் சபையை நோக்கி ஒரு மைக் தனியாக வையுங்கள். வீட்டில் தனியாகப் பாடுகிறவருக்குச் சபையாரின் குரல் கேட்க வேண்டும்.

2. சனிக்கிழமையே லிங்க்

யூடியூபில் நேரலையை முன்கூட்டியே ஷெட்யூல் செய்து, சனி மாலையே வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடுங்கள். புதுச் சேனலுக்கு நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போனிலிருந்து நேரலை செய்ய 50 சப்ஸ்கிரைபர்களாவது வேண்டும். பண்டிகைக்கு முந்தின இரவில் தொடங்கினால் தவிப்புதான். 720பி படத்துக்குச் சுமார் 4 எம்பிபிஎஸ் அனுப்ப வேண்டும். நெட்டின் அப்லோடு வேகம் அதைப் போல இரு மடங்கு இருந்தால் நிம்மதி. டேட்டா குறைவாக உள்ளவர்களுக்குப் பிரசங்கத்தை மட்டும் ஆடியோவாக வெட்டி, அன்று மாலையே அனுப்புங்கள்.

3. பாட்டுக்கும் உரிமை உண்டு

நம் நாட்டில் பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கிறது. 1864-ல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பாடலாம். இன்றைய பாடல்களுக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். இணையத்தில் எடுத்த ட்ராக்கை ஒலிக்கவிட்டால் யூடியூப் அதை அடையாளம் கண்டு வீடியோவையே முடக்கக்கூடும். நம் பாடகர் குழு நேரில் பாடட்டும்.

4. ஜெப நேரத்தில் கவனம்

ஆலயத்துக்குள் ஒருவரின் நோயைச் சொல்லி ஜெபிப்பது வேறு, அதே வரி இணையத்தில் நிலைத்து நிற்பது வேறு. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வீட்டுக்கும், வேலை தேடும் பிள்ளைக்கும் அது இடைஞ்சலாகும். பெயர் சொல்லி ஜெபிக்கும் பகுதியில் நேரலையின் ஒலியை நிறுத்திவிடலாமா என்று ஆயரிடம் முன்பே பேசிவையுங்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டப் பெற்றோரின் சம்மதம் அவசியம்.

5. காணிக்கை க்யூஆர்

நேரலையில் காட்டும் க்யூஆர் சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும்; தனி ஆளின் எண் வேண்டவே வேண்டாம். சாட்டில் வேறு யாராவது பணம் அனுப்பும் எண்ணைப் போட்டால் உடனே நீக்குங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் நம் ஊர்ப் பிள்ளையே ஆனாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பின், பதிவு பெற்றவர்களும் டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற முடியும். சந்தேகம் வந்தால் செயலரையும் ஆடிட்டரையும் கேளுங்கள்.

6. நேரலை முடிந்ததும் வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சாட்டில் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தட்டும். வழக்கமாக வரும் ஒருவரை இரண்டு வாரம் காணாவிட்டால் அவருக்குப் போன் செய்யட்டும். திருவிருந்தை நேரலையில் கொடுக்கலாமா என்ற விவாதத்துக்குத் திருமண்டலம் பதில் சொல்லட்டும். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை ஆயரின் கையில் கொடுத்து, அவர் வீட்டுத் திருவிருந்துக்குப் போகும்போது கூடப் போவது நம் பொறுப்பு. போகும்போது ஆச்சியின் போனில் ஒரே தொடுதலில் நேரலை திறக்கும்படி முகப்பில் வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

7. நீங்களும் ஆராதிக்க வேண்டும்

ஒரே தம்பி எல்லா ஞாயிறும் கேமரா பின்னால் நின்றால், மெல்ல மெல்ல அவனுக்கு ஆராதனை வெறும் வேலையாகிவிடும். மூன்று அணிகளாகப் பிரிந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். அக்காமார் இரண்டு பேருக்காவது மிக்சர் கற்றுக்கொடுங்கள். முறை இல்லாத வாரத்தில் போனை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு பெஞ்சில் உட்காருங்கள்.

இந்த வாரமே சபைக் குடும்பப் பட்டியலை எடுத்து, ஆலயத்துக்கு வர இயலாதவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உங்களில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். கேமரா வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு கமிட்டியில் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா