மதகடிப்பட்டில் அப்பா, வளவனூரில் மகள்

புதுச்சேரியின் மதகடிப்பட்டு வாசகர் ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: மனைவி கோபித்துக்கொண்டு ஏழு வயது மகளோடு வளவனூர் தாய்வீட்டுக்குப் போய் ஒன்றரை ஆண்டாகிறது. மகள் அங்கேயே பள்ளியில் படிக்கிறாள். பார்க்க விடவில்லை என்று இவர் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். "ஐந்து வயது தாண்டினால் குழந்தை தகப்பனுக்குத்தானே? புதுச்சேரி கோர்ட்டில் கேஸ் போடலாமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை.

யாரோ இவருக்குப் பாதிச் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு தகப்பனை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது. அந்த வயது தாண்டியதும் தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மாறாக, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 13-ஆவது பிரிவு. வழக்கைத் தீர்மானிக்கப்போவது அதுதான். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

எந்த கோர்ட் என்பதிலும் சிக்கல் உண்டு. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். வளவனூர் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்; ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரியில் விவாகரத்து வழக்கு ஏதும் நடந்தால் அதிலேயே கேட்க வழியுண்டு. அப்படி ஒன்று நடப்பதாகக் கடிதத்தில் இல்லை. (குடும்பம் ரெனோன்சான் வழி, அதாவது பிரெஞ்சு ஆட்சியில் இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் வழி வந்ததென்றால் 1956 சட்டமே பொருந்தாது. அதை வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டும்.)

இந்த ஒன்றரை ஆண்டு வாசகர் என்ன செய்துகொண்டிருந்தார்? நோட்டீஸ் இல்லை, சமரச மையத்தில் மனு இல்லை. முன்பு கொடுத்த பணமும் மச்சான் கையில் ரொக்கமாகப் போயிருக்கிறது, ரசீது கிடையாது. பிறப்புச் சான்றிதழின் நகல்கூட கடிதத்தோடு வரவில்லை. இதற்கிடையே மகளுக்குப் புதுப் பள்ளி, புது டீச்சர், புதுத் தோழிகள் என்று எல்லாம் பழகிவிட்டது. அதைக் கலைக்க நீதிபதி காரணம் கேட்பார். பணத்தை நிறுத்தியதோ பெரிய தவறு. பார்க்க விடாததும் ஜீவனாம்சமும் தனித்தனி. பட்டினி போட்டவர் என்ற பெயரோடு கூண்டில் ஏற வேண்டிவரும்.

இவருக்கு வலுவாக இருப்பது சந்திப்பு உரிமை. யஷிதா சாகு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், தாய் தகப்பன் இருவரின் அன்பும் பிள்ளைக்கு உரியது, நேரில் முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேசவிட வேண்டும் என்றது. வாரக் கடைசி, பள்ளி விடுமுறையில் சில நாள் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடிதத்தின் கடைசி வரி கவலை தருகிறது: லீவுக்கு அழைத்துவந்து திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா என்கிறார். கூடவே கூடாது. இந்த மாதமே மகள் பெயருக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பட்டும். கல்யாணப் பத்திரிகை, பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, போனில் உள்ள செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பார்க்கட்டும். மறுதரப்பின் கதை தெரியாமல் இங்கே இதற்கு மேல் சொல்வது சரியல்ல.