நாணயத்தில் ஒரு சனாதிபதி

நாணயம் என்னுஞ் சொல் தமிழிலே காசையுங் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையுங் குறிக்கும். காசு சேகரிப்போர் முதற் பொருளையே நாடுவர். எனினும் தலைவர் ஒருவரின் உருவம் பொறித்த காசு கைக்கு வரும்போது, இரண்டாம் பொருளும் அழையாமலே உடன்வந்து நிற்கின்றது. 1978ஆம் ஆண்டில் வெளியான இலங்கையின் ஒரு ரூபா நினைவுக் குற்றி அத்தகையது. நிறைவேற்றதிகாரமுள்ள முதற் சனாதிபதியாக ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் அவ்வாண்டு பெப்ரவரி 4ஆந் திகதி பதவியேற்றமையைக் குறிக்க எழுந்தது அது. ஒரு முகத்தில் அன்னாரின் உருவம்; மறுமுகத்தில் அரச இலச்சினை. செம்பும் நிக்கலுங் கலந்த சாதாரண உலோகமே. விலையால் அதனை யாரும் பெரிதென மதியார். வரலாற்றால் மதிக்க இடமுண்டு.

பிரித்தானியர் காலத்தில் நம் காசுகளில் முடியுடையோர் தலையே இருந்தது. 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதத்தின் ஒருபுறம் விக்டோரியா மகாராணி; மறுபுறம் தாளிப்பனையும், அதன் இரு மருங்கிலும் சிங்களமுந் தமிழும். (அச்சதத்தைக் கண்டெடுக்கும் மாணவன் பனையை மட்டும் பார்த்துவிட்டு, தன் மொழியைப் பாராது போவதுண்டு!) சுதந்திரத்தின் பின்னர், 1963இல் வந்த புதிய குற்றிகளில் முடிசூடிய தலை நீங்கி, நாட்டின் இலச்சினை இடம்பெற்றது. 1968இல் வெளிவந்த இரண்டு ரூபாக் குற்றியிற் பராக்கிரமபாகுவின் சிலை காணப்பட்டது. அவன் மாண்டு எண்ணூறாண்டளவாகிய மன்னன். உயிரோடிருக்கும் நம் நாட்டுத் தலைவர் ஒருவரின் முகம் தற்காலக் காசில் முதன்முதலாகத் தோன்றியது 1978இலேயே.

இவ்விடத்து ஐக்கிய அமெரிக்காவை ஒப்புநோக்குதல் தகும். தலைவரின் முகத்தைக் காசிற் பொறிப்பது முடியாட்சியின் வாடை வீசுஞ் செயலென அந்நாட்டின் முன்னோர் கருதி, 1792ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சுதந்திரம் என்னும் உருவகப் பெண்ணுக்கே அவ்விடத்தைக் கொடுத்தனர். இலிங்கன் ஒரு சதக் காசில் ஏறியது 1909இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது. கொலையுண்டு 44 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1963இற் கொல்லப்பட்ட கென்னடிக்கு மறுவருடமே அரை டொலர் கிடைத்தது. வாழுங் காலத்திலே அப்பேறு பெற்ற முதற் சனாதிபதி கூலிட்ஜ்; அதுவும் 1926ஆம் ஆண்டு நினைவுக் காசு ஒன்றிலாம்.

நம் சனாதிபதியோ காசுக்கு முன்னரே தாளில் இடம்பெற்றவர். 17.9.1906இற் கொழும்பிற் பிறந்து, றோயல் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1943இற் களனித் தொகுதியால் அரசாங்க சபை சென்றவர், 1947இல் நிதியமைச்சரானார். மத்திய வங்கி 1950 ஓகத்து 28இற் றிறக்கப்பட்டது. அதன் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்னும் அமெரிக்கர். 20.1.1951 எனத் திகதியிட்ட ஒரு ரூபா, பத்து ரூபாத் தாள்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவத்தோடு ஜயவர்த்தனா, எக்ஸ்டர் ஆகிய இருவரின் கையொப்பங்களும் உள. ஆகவே ஒரே மனிதரைக் கையொப்பமாக 1951இலும் முகமாக 1978இலும் காட்டலாம். எம் மதிப்பில், குற்றியினும் தாளே மேலான சேகரம். அவர் ஆட்சியில் 1979இல் வந்த புதிய தாள்களில் எத்தலைவரும் இலர். பறவையும் விலங்கும் பூவுமே.

இனி இரண்டாம் பொருளுக்கு வருவோம். 1944இற் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அரசாங்க சபையிற் கொணர்ந்தவர் இவரே. தமிழையுஞ் சேர்க்கும்படி நல்லையா அவர்கள் கொணர்ந்த திருத்தம் ஏற்கப்பட்டது. 1951இற் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிற் புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் இழப்பீடு கோராது மன்னிக்கவேண்டுமென வாதாடினார். 1957இலோ பண்டாரநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கையை எதிர்த்துக் கண்டிக்கு நடந்தவரும் அவரே. அவர் ஆட்சியின் ஆறாம் ஆண்டில், 1983 யூலை 24 இரவு கொழும்பிலே மூண்ட வன்செயல் வெள்ளவத்தையிலுந் தமிழர் இல்லங்களையுங் கடைகளையும் எரித்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. சனாதிபதி நாட்டுக்கு உரையாற்றியது 28ஆந் திகதி. பாதிக்கப்பட்டோருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் அவ்வுரையில் இல்லை. 1987இற் செய்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து, பதின்மூன்றாந் திருத்தத்தாற் றமிழும் அரசகரும மொழியாயிற்று. 1996 நவம்பர் 1ஆந் திகதி காலமானார்.

இக்குற்றியைத் தம் பெட்டியில் வைக்க மனங்கொள்ளாத பழைய மாணவர் உளர். அவர்தம் மனத்துயரை நாம் குறைவாக எண்ணோம். ஆயினுஞ் சேகரப் பெட்டி மாலையிடும் மேடையன்று. நம்மை ஆண்ட அந்நியரின் தலைகளையும் அதிலேதான் வரிசையாக அடுக்கியிருக்கிறோம். குற்றியை வைக்க; அதன்கீழ் எழுதும் சிறு சீட்டிற் பதவியேற்ற ஆண்டோடு 1944, 1951, 1983, 1987 ஆகியவற்றையும் எழுதி வைக்க. ஆண்டு மட்டும் எழுதிய சீட்டு கடைக்காரன் சீட்டாகும்.

இளைய மாணவர்க்கு ஒன்று. வெள்ளவத்தைக் கடற்காற்று செப்புக் கலந்த காசுகளிற் பச்சைக் களிம்பை விரைவில் ஏற்றும். அதற்காகப் பித்தளை மினுக்கும் பசையாற் றேய்த்தல் கூடாது. தேய்த்த காசை அறிந்தவர் வாங்கார். விளிம்பைப் பிடித்தே எடுக்க. ஈரமில்லாத கடதாசி உறையில் இட்டு வைக்க. செட்டியார் தெருவில் உருக்குக்குப் போகும் பழைய வெள்ளிக் காசுகளிடையே விக்டோரியாவின் பத்துச் சதமுங் கிடைத்தல் கூடும், கேட்டுப் பார்க்க.